கரடிப்பூண்டு பறித்த நாள்

முதல் இலையைக் கசக்கி முகர்ந்தேன்.
பூண்டு.
அதுவே போதுமென்று
கூடையோடு சரிவில் இறங்கினோம்
நானும் யெர்னெயும்.
கோச்செவ்யே காட்டில் ஏப்ரல்.
பனி, வேர்களின் நிழலில் மட்டும் மிச்சம்.

அப்புறம் எந்த இலையைத் தொட்டாலும் பூண்டுதான்.
மணப்பது என் விரல்,
இலை அல்ல என்பதை
அன்றிரவு வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை,
என் மூக்கு உட்பட.

உருளைக்கிழங்கு, பாலேடு, இரண்டு கைப்பிடி பச்சை.
அவன் இரண்டு கிண்ணம் குடித்தான்.
எனக்குப் பல்வலி.
ரொட்டியை நனைத்து ஒரே ஒரு வாய்.

ஒன்பது மணிக்கு வாந்தி.
பத்துக்கு, விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் என்றான்.
கண்ணாடியைத் துடை என்றேன்.
பிறகுதான் மணிக்கட்டைப் பிடித்தேன்.
கடைசிப் பேருந்து போய்விட்ட நிறுத்தத்தில்
நிற்பதுபோல
அடுத்த துடிப்புக்குக் காத்திருந்தேன்.

மருத்துவமனைத் திரையில் முப்பத்தெட்டு.
முப்பத்தாறு.
டாக்டர் லவ்ரென்சிச் என்னைவிட இருபது வயது இளையவர்.
சமையலறையில் மிச்ச இலை இருக்கிறதா என்றார்.
பக்கத்து வீட்டு ஃபானி
ரொட்டிப் பையில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

வெள்ளைத்தாளில் பரப்பினார்.
இது கரடிப்பூண்டு:
ஒவ்வோர் இலைக்கும் தனிக் காம்பு,
திருப்பினால் அடிப்புறம் மங்கல்.
இது வேறு:
ஒன்றின் மடியில் ஒன்றாய்ச் சுருண்டு
ஒரே தண்டில் ஏறிய ஜோடி,
இருபுறமும் பளபளப்பு.
இதன் பெயர் உங்களுக்கே தெரியும் என்றார்.

தெரியும். ஷ்மார்னிட்சா.
பள்ளத்தாக்கு லில்லி.
மே மாதம் முழுக்க மாதா பீடத்தில் வைப்போம்.
என் கல்யாணத்தன்று கையில் இருந்ததும் அதுதான்.
பூவில், இலையில், பழத்தில்,
அது நின்ற ஜாடித் தண்ணீரில்கூட
நஞ்சாம்.
ஒரு காலத்தில் தளர்ந்த இதயத்துக்கு
இதையே சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்களாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, சரி.
நஞ்சு அளவோடு வந்தால்
அதற்கு என்ன பெயர்?
கேட்க நினைத்தேன்.
திரை அப்போது நாற்பத்தொன்று காட்டியது.
கேட்கவில்லை.

நான்காம் நாள் யெர்னெய் கண் திறந்து
முதலில் சொன்னது:
சூப் நன்றாகத்தான் இருந்தது.

மே மாதம் தனியாக மண்வெட்டியோடு போனேன்.
ஒரு வேரை இழுத்தால்
மூன்றடி தள்ளி மண் அசைகிறது.
வெள்ளைக் கயிறாய், படுக்கைவாட்டில்,
கணு கணுவாய்க்
கிளைத்துக் கிளைத்துப் போகிறது.
இந்தச் சரிவு முழுக்க
ஒரே செடியாகக்கூட இருக்கலாம்.
யாரை வெட்டுவது?

மணிகள் பூத்திருந்தன.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து,
மூடிய கதவுக்குப் பின்னால்
யாரோ பேசுவதைக் கேட்பதுபோல.
விளிம்பில் ஆறு நுனி, வெளியே சுருண்டு.
தேன் இல்லாத பூ. ஆனாலும் தேனீ வந்தது.
நானும்தான் குனிந்தேன்.

கடையில் இதன் பெயரில் விற்கும் அத்தரில்
இந்தப் பூ ஒரு துளியும் இல்லையாம்.
பிழிந்தாலும் காய்ச்சினாலும்
இது வாசனையை விட்டுக்கொடுக்காது;
வேறு எதையெதையோ கலந்து
இதைப்போல ஒன்றைக் கட்டுகிறார்கள்.
என் விரல் மட்டுமா பொய் சொன்னது.

மண்வெட்டியை மேப்பிள் மரத்தில் சாய்த்துவிட்டு
மறந்து வந்துவிட்டேன்.
அக்டோபரில் எடுக்கப் போனபோது
பூ இருந்த இடமெல்லாம் சிவப்புப் பழம்,
குழந்தைகளுக்கென்றே செய்ததைப்போல.
இலை மட்டும் மஞ்சளாகிப் படுத்திருந்தது.

அடுத்த ஏப்ரல்
கூடையை எடுத்தவன் அவன்தான்.
ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தான்,
கள்ளநோட்டு வாங்கிய கடைக்காரன்போல.
இலைக்கு ஒருமுறை கையைக் கழுவு என்றேன்.
ஓடை குளிர்கிறது என்றான்.
இருந்தாலும் கழுவினான்.

மதியம் வரை நின்று
ஆறு இலை பறித்தோம்.
சூப்புக்குக் காணாது.
முட்டையில் போட்டோம்.